கூத்தாநல்லூரில் வாங்கிய டிட்டன் 15: 14 வருடம் கேட்ட பிறகு

2011 ஆவணியில் வாங்கியது. செலஸ்டியன் டிட்டன் 15 என்ற பழைய இங்கிலாந்து ஸ்பீக்கர், ஒரு ஜோடி. கூத்தாநல்லூரில் ஒரு பழைய வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள், சாமான்களை எல்லாம் வெளியே எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று மைக் செட் வைத்திருக்கும் நண்பர் சொன்னார். மன்னார்குடியிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். மாடிப்படிக்குக் கீழே கிடந்தன, மேலே சுருட்டிய கோரைப்பாய். வீட்டுப் பெரியவர், "வாப்பா சிங்கப்பூர்லேருந்து கப்பல்ல கொண்டாந்தது தம்பி, பாட்டு கேக்குற ஆள்கிட்ட போனா சரி" என்றார். ஆறாயிரம் ரூபாய் கொடுத்தேன். எம்.வி. சிதம்பரம் கப்பல் நாகப்பட்டினத்துக்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் வந்த சாமான். 1985-ல் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பலின் பயணிகள் ஓட்டம் நின்றது. இந்தப் பக்கத்து வீடுகளில் இன்னும் இங்கிலாந்து, ஜப்பான் ஸ்பீக்கர்கள் அகப்படுகின்றன என்றால் அது ஒரு காரணம்.

முன்துணியை விலக்கினால் மூன்று வட்டம் தெரியும். மூன்றும் தனித்தனியாகப் பாடும் த்ரீ வே என்று நினைத்துவிடுவார்கள், ஆனால் அது இரண்டு மட்டும் பாடும் டூ வேதான். ஒன்று கீழ் ஒலிக்கான 8 அங்குல ஊஃபர், ஒன்று மேல் ஒலிக்கான ஹெச்எஃப் 1300 என்ற ட்வீட்டர். மூன்றாவதற்குப் பின்னால் காந்தமும் இல்லை, காயிலும் இல்லை. தெர்மாகோல் போன்ற ஒரு தட்டு, சுற்றிலும் நெகிழ்வான விளிம்பு, அவ்வளவுதான். செலஸ்டியன் இதற்கு ஏபிஆர் (ஆக்ஸிலரி பேஸ் ரேடியேட்டர்) என்று பெயர் வைத்தது. ஊஃபர் உள்ளே தள்ளும் காற்று இந்தத் தட்டை ஆட்டுகிறது, அந்த ஆட்டத்தில் கீழ் பேஸ் கூடுதலாக வருகிறது. பெட்டியின் உயரம் 21 அங்குலம்தான், அந்த அளவுக்கு இது கொடுக்கும் பேஸ் பெரிது.

ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்து போட்ட முதல் நாள் அந்த பேஸ் வரவே இல்லை. தவிலில் விரல் கூடு விழுகிற வலந்தலை மட்டும் கேட்டது, கழி விழுகிற தொப்பிப் பக்கம் காணோம். ஊஃபர் போய்விட்டது, காயில் சுற்ற வேண்டும் என்று ஒரு மெக்கானிக் கழற்றவே ஆரம்பித்துவிட்டார், நல்லவேளை நான் தடுத்தேன். மல்டிமீட்டரில் இரண்டு ஊஃபரும் ஒரே ஓம் காட்டின, அப்படியிருக்க காயிலை ஏன் தொட வேண்டும்?

கோளாறு பிடிபட்டது விரலால். ஏபிஆர் தட்டின் நடுவில் இரண்டு விரலை வைத்து மெதுவாக அழுத்திப் பிடித்தேன். பெட்டி காற்றுப் புகாமல் இருந்தால் ஊஃபரின் கோன் வெளியே வந்து, நான் விரலை எடுக்கும்வரை கிட்டத்தட்ட அங்கேயே நிற்க வேண்டும். என் பெட்டியில் வந்த வேகத்திலேயே திரும்பிப் போனது. அதாவது காற்று எங்கேயோ ஒழுகுகிறது. ஊதுபத்தியைக் கொளுத்தி, அடக்கமான சத்தத்தில் பேஸ் ஓடவிட்டு, விளிம்பைச் சுற்றிக் காட்டினேன். ஊஃபர் சட்டத்தின் ஓரத்தில் ஒரு இடத்தில் புகை துடித்தது, பின்பக்கம் வயர் மாட்டும் இடத்தில் இன்னும் அதிகமாக. கேஸ்கட் காய்ந்து பொருக்காகியிருந்தது. நாற்பது வருடம் ஆனால் எந்தக் கேஸ்கட்டும் அப்படித்தான் ஆகும். ஏசி மெக்கானிக்கிடம் இருக்கும் மெல்லிய ஃபோம் டேப்பை வெட்டி ஒட்டி, திருகுகளை எதிரெதிராக முடுக்கினேன். நூறு ரூபாய்கூட ஆகவில்லை. அன்று ராத்திரி தொப்பி கேட்டது. இந்த 14 வருடத்தில் நான் செய்த மாற்றங்களிலேயே பெரியது இதுதான், இத்தனைக்கும் இதை மாற்றம் என்றே சொல்ல முடியாது.

அடுத்து கிராஸ்ஓவர், கீழ் ஒலியை ஊஃபருக்கும் மேல் ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் சர்க்யூட். பழைய எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களை அளந்தபோது அச்சிட்ட மதிப்பைவிட 30, 40 சதவீதம் கூடியிருந்தன. சென்னை போனபோது ரிச்சி தெருவில் நல்ல பாலிப்ரொப்பிலீன் கெப்பாசிட்டர் வாங்கிவந்து மாற்றினேன். முதல் இரண்டு நாள் ஆகா என்றிருந்தது, எல்லாம் துலக்கமாகக் கேட்டது. ஒரு வாரத்தில் காது களைத்தது. நாயனத்தின் மேல்ஸ்தாயி கீறியது. பழைய எலக்ட்ரோலைட்டிக்குக்கு உள்ளேயே கொஞ்சம் மின்தடை உண்டு, வடிவமைத்தவர்கள் அதையும் கணக்கில் சேர்த்துத்தான் ட்வீட்டரை அடக்கி வைத்திருக்கிறார்கள். புதியதில் அது இல்லை, ட்வீட்டர் முன்னால் வந்து நிற்கிறது. ட்வீட்டர் பாதையில் இருந்த கெப்பாசிட்டருடன் ஒரு ஓம் ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்த்தேன், சரியாயிற்று. கெப்பாசிட்டர் மாற்றுகிறவர்கள் இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள்.

அப்புறம் செய்ததில் இரண்டை நான் செய்திருக்கவே கூடாது. ஹெச்எஃப் 1300-இல் சுமார் 14 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சத்தம் இறங்கிவிடும், அதனால் பட்டு டோம் ட்வீட்டர் போடலாம் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, 2014-ல் மாற்றினேன். மேலே காற்றோட்டம் கிடைத்தது உண்மை, ஆனால் குரல் இரண்டாகப் பிளந்தது. பாடகர் ஒரு இடத்தில், அவருடைய ச, ஷ வேறு இடத்தில். ஊஃபரும் ட்வீட்டரும் கை மாற்றிக்கொள்ளும் இடம் அந்தக் கிராஸ்ஓவரில் அந்த ட்வீட்டருக்காகவே அமைத்தது, வேறொன்றைச் செருகினால் ஒட்டாது. ஸ்பெண்டார் பிசி 1 என்ற இன்னொரு இங்கிலாந்து ஸ்பீக்கரில் இதே ஹெச்எஃப் 1300-ஐப் போட்டவர்கள் மேலே போதவில்லை என்று அதை எடுத்துவிடவில்லை, கூடவே இன்னும் மேல் ஒலிக்கென ஒரு சூப்பர் ட்வீட்டரைச் சேர்த்தார்கள். அதைப் படித்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. பழையதைப் பத்திரமாக வைத்திருந்ததால் திரும்ப மாட்டினேன். இரண்டாவது, இலவம் பஞ்சு. உள்ளே கூடுதலாக அடைத்தால் பேஸ் இறுகும் என்று நினைத்தேன். ஏபிஆர் ஆடுவதற்கு உள்ளே காற்றுக்கு இடம் வேண்டும், பஞ்சை நெருக்கினால் அந்தத் தட்டு சும்மா உட்கார்ந்துவிடுகிறது. ஒரு மாதம் கழித்து எல்லாவற்றையும் பிடுங்கி எடுத்தேன்.

எது சரி, எது தப்பு என்று எதை வைத்துச் சொல்கிறேன்? எங்கள் தெரு கோயிலுக்குப் பக்கம். ராஜகோபால சுவாமிக்குப் பங்குனியில் 18 நாள் திருவிழா, சுவாமி வீதி வரும்போது நாயனமும் தவிலும் வாசல் வழியாகவே போகும். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த நாயனம் பத்தடி தூரத்தில் எப்படி ஒலிக்கும் என்று சின்ன வயதிலிருந்து காதில் இருக்கிறது. அதில் கூர்மையும் உண்டு, அடியில் மரத்தின் கனமும் உண்டு. பெட்டியில் கூர்மை மட்டும் வந்தால் அது தப்பு. நாயன வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் பழைய 78 ஆர்பிஎம் பதிவுகளில் மேல் அதிர்வெண் அதிகம் கிடையாது, இந்த ஜோடிக்கு அது ஒரு குறையே இல்லை. தோடியில் ஒரு சுரத்தை இழுத்து நிறுத்துகிற இடத்தில் ஆள் மூச்சு எடுப்பது தெரியும். அதற்காகவே இவற்றை வைத்திருக்கிறேன்.

அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களுடையது ஓட்டு வீடு. கூடம், நடுவில் முற்றம், சிவப்பு சிமெண்ட் தரை. முற்றம் திறந்திருப்பதால் பேஸ் தேங்கி முழங்குவதில்லை, ஆனால் கொஞ்சம் மெலியும். அதனால் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஆசாரி செய்துகொடுத்த ஒரு அடி உயர வேப்பமர ஸ்டாண்டில் வைத்திருக்கிறேன். தரையில் வைத்தால் குரல் மூடிக்கொள்கிறது, கரையானுக்கும் வசதி. வருடத்தில் இவை மிக நன்றாக ஒலிப்பது தை, மாசியில், சம்பா அறுவடை முடிந்து பதினைந்து இருபது நெல் மூட்டை எதிர்ச்சுவரில் அடுக்கியிருக்கும்போது. சாக்கும் நெல்லும் எதிரொலியைக் குடித்துவிடுகின்றன. மூட்டைகள் போன மறுநாள் கைதட்டினால் சுவர் திரும்பத் தட்டும், பாட்டிலும் அது தெரியும்.

ஐப்பசி கார்த்திகைதான் தொல்லை. ஈரத்தில் தேக்கு வெனீர் ஓரம் தூக்கும். ஃபெவிகால் தடவி, துணி போட்டு, இளஞ்சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினால் உட்கார்ந்துவிடும். வயர் முனைகளில் பச்சை பூக்கும், உப்புத்தாள் கொண்டு தேய்ப்பேன். 2018 நவம்பர் 16 கஜா புயல் அடித்த ராத்திரி ஓடுகள் பறந்து கூடத்தில் தண்ணீர் கொட்டியபோது, நானும் அண்ணனும் முதலில் அரிசியை, அடுத்து இந்த இரண்டு பெட்டிகளைத் தார்ப்பாயில் சுற்றிப் பரணில் ஏற்றினோம். கரண்ட் வர வாரக்கணக்கானது. வந்த அன்று மாட்டிக் கேட்டேன், ஒன்றும் ஆகவில்லை.

எல்லாருக்கும் ஏற்றதா என்றால் இல்லை. இப்போதைய சினிமாப் பாட்டின் பேஸை அதிக சத்தத்தில் வைத்தால் கோன் தள்ளாடும், பாட்டு குழம்பும். இளையராஜாவின் எண்பதுகளின் பேஸ் கிட்டார் சுகமாக வரும், ஒவ்வொரு விரலும் தனியாக. வாங்கப் போகிறவர்கள் பாட்டு போட்டுக் கேட்பதற்கு முன்னால் அந்த இரண்டு விரல் சோதனையைச் செய்யுங்கள், அடிப்பலகையைத் தட்டிப் பாருங்கள், பொத்தென்று கேட்டால் கரையான். என் வலது பெட்டியில் போன வாரம் அழுத்திப் பார்த்தபோது கோன் கொஞ்சம் சீக்கிரமே திரும்பியது. டேப் வாங்கி வைத்திருக்கிறேன், மழைக்கு முன்னால் பிரித்துவிட வேண்டும்.