ரப்பர் தொழிற்சாலை நிலத்தில் தரை வீடா, மாடி வீடா?

மலேசியாவின் பேராக்கில் எங்கள் தோட்டப்புற ஊரின் பழைய ரப்பர் தொழிற்சாலை நிலத்துக்கு இரண்டு வரைபடங்கள் வந்திருக்கின்றன. ஒன்று, எல்லாவற்றையும் இடித்துவிட்டுத் தரை வீடுகள். மற்றது, ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்திய புகைக்கூடத்தை மட்டும் விட்டுவைத்து, சுற்றிலும் நான்கடுக்கு மாடி வீடுகள். இரண்டின் அட்டையிலும் ‘பசுமை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அட்டையைக் கிழித்துவிட்டுப் பார்ப்பது நல்லது.

மண்ணைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒரே தலைவலிதான். ரப்பர் பாலை உறைய வைத்த ஃபார்மிக் அமிலம், உறையாமல் காத்த அம்மோனியா, டீசல் தொட்டி, கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு. யார் கட்டினாலும் மண்ணைச் சோதித்தாக வேண்டும். தகடுகளை நனைத்து, உடையாமல் கழற்றியாக வேண்டும். பஸ் வசதியும் இரண்டிலும் ஒன்றுதான், அதாவது இல்லை.

தண்ணீரில்தான் இரண்டும் பிரிகின்றன. ஆலையின் கழிவுநீர்க் குளம் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. போன மாதம் ஒரு மாலை மழையில் குடையோடு அதன் கரையில் நின்றேன். சாலைத் தண்ணீர் முழுவதும் அதில்தான் இறங்கியது. தொழிலாளர் லயத்து வாசல்களுக்கு வரவில்லை. முதல் திட்டம் அந்தக் குளத்தைத் தூர்த்து, மேலே கடைசி வரிசை வீடுகளைப் போடுகிறது. அந்த வீட்டை வாங்கப் போகிறவரை நினைத்தால் பாவமாக இருக்கிறது. இரண்டாவது திட்டம் சேற்றை அள்ளிவிட்டு அதையே மழைநீர்த் தேக்கமாக வைத்துக்கொள்கிறது. பெய்த இடத்திலேயே பிடித்து மெல்ல விடு என்று, 2001 முதல் மலேசியாவில் நடைமுறையில் இருக்கும் ‘மஸ்மா’ என்ற மழைநீர் வடிகால் கையேடு சொல்வதும் இதைத்தான்.

பணம் என்று வந்தால் இரண்டாவது திட்டம் தடுமாறுகிறது. 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி, பராமரிப்புக் கட்டணத்தோடு அதில் பத்தில் ஒரு பங்கைக் கட்டடப் பழுதுபார்ப்புச் சேமநிதிக்கும் கட்ட வேண்டும். கட்டணம் 80 வெள்ளி (ரிங்கிட்) என்றால் மாதம் 88 வெள்ளி. பாதிப் பேர் கட்டாமல் விட்டால் தண்ணீர் பம்பு நின்றுவிடும். தரை வீட்டில் இந்தப் பிடுங்கல் இல்லை. போதாக்குறைக்கு மாடி வீடுகளில் மின்தூக்கியும் கிடையாது. பால் வெட்டித் தேய்ந்த முழங்கால்கள் எத்தனை படி ஏறும்?

இரண்டாவது திட்டத்தில் சமையல் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் நிலையம் வேறு. இப்படிப்பட்டவை நீடிக்குமா என்பது சந்தேகம். தெற்கு லண்டனில் 2002இல் கட்டி முடித்த பெட்செட் குடியிருப்பில், மரச்சில்லு எரித்து மின்சாரம் தந்த நிலையம் சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. வெப்பம் வெளியேறாமல் கட்டிய தடித்த சுவர்களுக்கு அந்தக் கதி வரவில்லை. நமக்கு வேண்டியது நேர்மாறு: வெப்பம் வெளியேற வேண்டும். புகைக்கூடத்தின் உச்சியில் புகை போக வைத்த திறப்புகள் அதற்கே செய்தவை போலிருக்கின்றன. உள்ளே நின்றால் சூடு மேலே ஏறிவிடுகிறது. கரி படிந்த செங்கல்லில் ஈரம் பட்டால் இன்னும் ஷீட் வாசம் வருகிறது.

கருத்துப் படிவத்தில் இரண்டாவதற்கே குறியிட்டேன். ஓரத்தில் பேனாவால் எழுதியும் வைத்தேன்: எரிவாயு நிலையம் வேண்டாம், கீழ்த்தளம் முதியவர்களுக்கு, குளத்துக்கு வேலி.