டெர்ரா பேக்கேஜ்: அப்பாவின் மழை நோட்டுக்காக எடுத்தது

அப்பா பால் மரம் (ரப்பர் மரம்) வெட்டிய காலத்தில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார். விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் பட்டை நனைந்து, பால் மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) இறங்காமல் மரத்திலேயே வழிந்துவிடும். அன்றைக்கு நோட்டில் "மழை, வெட்டு இல்லை" என்று மூன்றே சொல். 1988 முதல் 1996 வரை இருக்கிறது. அந்த மாதங்களின் மழையைத் துணைக்கோள் தரவிலிருந்து எடுத்து, அவர் படிக்கிற மாதிரி தமிழ் வாக்கியமாகக் கொடுக்க ஆசைப்பட்டேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்ட ஆபீஸ் கிராணி (எழுத்தர்) நான். ஆர் என்ற நிரல் மொழி கொஞ்சம் தெரியும். டெர்ரா அதில் வரைபடத் தரவைப் படிக்க உதவும் பேக்கேஜ்.

மழைக்கு சிர்ப்ஸ் (CHIRPS) என்ற தரவை எடுத்தேன். 1981-லிருந்து கிடைக்கிறது, துணைக்கோள் கணிப்போடு மழைமானி அளவுகளையும் சேர்த்துச் செய்தது. ஒரு கட்டம் 0.05 பாகை, நம் பக்கம் சுமார் ஐந்தரை கிலோமீட்டர். உலகக் கோப்பு ஒவ்வொன்றிலும் 7200-க்கு 2000 கட்டங்கள். சராசரி கணக்கிடவும் சேர்த்து, 1988 முதல் 2020 வரை 396 மாதக் கோப்புகள். என் பழைய மடிக்கணினி தாங்குமா என்று பயந்தேன். டெர்ரா எல்லாவற்றையும் நினைவகத்தில் ஏற்றுவதில்லை, கேட்ட இடத்தை மட்டும் படிக்கிறது. ராஸ்ட் கட்டளையில் அடுக்கி, எக்ஸ்ட்ராக்ட்டில் ஊரைக் கொடுத்தால் எண்கள் வரிசையாக வந்துவிடுகின்றன. பழைய ராஸ்டர் பேக்கேஜை எழுதிய ராபர்ட் ஹைமன்ஸ்தான் இதையும் எழுதியவர். புதிதாகத் தொடங்குபவர்கள் நேரே இதற்கே வாருங்கள்.

ஒரு மாலை முழுக்க வீணானது. ஊரின் இடத்தை 4.82, 101.08 என்று, அட்சரேகை முதலில் வைத்து, வரைபடத்தில் பார்த்தபடியே கொடுத்தேன். டெர்ராவுக்கு தீர்க்கரேகை முதலில் வேண்டும். மாற்றிக் கொடுத்தால் சத்தமே இல்லாமல் எல்லா வரியிலும் வெற்று மதிப்பு. ஓர் எச்சரிக்கையாவது காட்டியிருக்கலாம், இது எனக்கு உண்மையான குறை.

வாக்கியம் அமைப்பது நம் வேலை. 1991–2020 சராசரியில் முக்கால் பங்குக்குக் கீழே என்றால் "மழை குறைந்த மாதம்", ஒன்றேகால் பங்குக்கு மேலே என்றால் "அடைமழை மாதம்" என்று வைத்துக்கொண்டேன். விண்டோஸில் ஆர் 4.2-க்கு முந்தைய பதிப்பு வேண்டாம். தமிழ் எழுத்துக்குப் பதில் குறியீடுகள் வந்து நிற்கும்.

அப்புறம் தினசரித் தரவையும் நோட்டோடு ஒப்பிட்டேன். பல நாள் பொருந்தவில்லை. சிர்ப்ஸ் முதலில் ஐந்து நாள் மழையைக் கணக்கிட்டுத்தான் நாள்வாரியாகப் பிரிக்கிறது. காலை மழையா மாலை மழையா என்பதும் அதில் இல்லை. பால் வெட்டுக்கு அந்த நேரம்தானே முக்கியம். ஆகவே மாதக் கணக்கை நம்பலாம். ஒரு குறிப்பிட்ட நாளுக்கு அப்பாவின் நோட்டைத்தான் நம்புவேன்.

அச்சடித்த தாளை அப்பா நோட்டுக்குப் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வொரு மாதமாகத் தொட்டுப் படித்தார். "எழுத்து பொடிசா இருக்கும்மா, பெருசாக்கிக் கொடு. 81-லேருந்தே வேணும்" என்றார். இன்னும் 84 கோப்புகள் இறங்கிக்கொண்டிருக்கின்றன.