கிளாமரைத் தேடிப் போனால் இலக்கணம் வருகிறது: ஸ்காட்ஸ் அகராதித் தளம் பற்றி

நம்ம சினிமாப் பத்திரிகைகள் நடிகை படத்துக்குக் கீழே தாராளமாகப் போடுகிற 'கிளாமர்' ஸ்காட்லாந்துச் சரக்கு. அங்கே பேசுகிற, ஆங்கிலத்துக்குச் சொந்தக்கார மொழியான ஸ்காட்ஸில் அதற்கு முதல் பொருள் மாயம், சூனியம், கண்கட்டு வித்தை. இதையெல்லாம் ஆதாரத்தோடு பார்க்க 'டிக்‌ஷனரீஸ் ஆஃப் தி ஸ்காட்ஸ் லாங்குவேஜ்' என்று ஒரு இணையதளம் இருக்கிறது. காசு கிடையாது. சொல்லைப் போட்டால் பக்கம் வந்துவிடும்.

உள்ளே இரண்டு பெரிய அகராதிகள். 12ஆம் நூற்றாண்டிலிருந்து 1700 வரைக்குமான பழைய ஸ்காட்ஸுக்கு 12 தொகுதி, 1700க்குப் பிற்பட்டதற்கு 10 தொகுதி. இரண்டையும் சேர்த்து 2004இல் இணையத்தில் ஏற்றினார்கள். பழையதன் கடைசித் தொகுதி வந்ததே 2002இல்தான், தொடங்கியது 1931இல்! அகராதி வேலை என்றால் அப்படித்தான், அவசரப்பட்டால் கெட்டுப்போகும்.

எனக்குப் பிடித்தது மேற்கோளும் ஆண்டும் சேர்ந்து வருவதுதான். கிளாமரையே எடுத்துக்கொள்ளுங்கள். அது 'கிராமர்' என்ற சொல்லின் திரிபு. அந்தக் காலத்தில் கிராமர் என்றால் லத்தீன் படிப்பு, ஊரில் பாதிப் பேருக்கு மேல் எழுத்து வாசனையே இல்லாதபோது புரியாத பாஷையில் ஏட்டைப் பார்த்து முணுமுணுக்கிறவன் மந்திரவாதியாகத்தானே தெரிவான்? பிரெஞ்சில் மந்திரப் புத்தகத்துக்குச் சொல்கிற 'கிரிமுவார்' கூட இதே வேர்தான். 1721இல் ஸ்காட்லாந்துக் கவிஞர் ஆலன் ராம்சே தன் கவிதைகளுக்குப் போட்ட சொற்பொருளில் பார்ப்பவர் கண்ணை ஏமாற்றும் வித்தை என்று விளக்குகிறார். 1789இல் ராபர்ட் பர்ன்ஸ் ஒரு கவிதையில் ஜிப்சிகளின் கிளாமரையும் நரகத்தின் கரிய கிராமரையும் எதுகை போல இணைத்துவிடுகிறார், தாயும் பிள்ளையும் அடுத்தடுத்த வரியில்! 1805இல் வால்டர் ஸ்காட் தன் கவிதையில் இந்தச் சொல்லை எழுதியதற்கு அப்புறம் ஆங்கிலேயர்களும் பிடித்துக்கொண்டார்கள், மாயம் மெல்ல வசீகரமாகி, ஹாலிவுட் வழியாகக் கோடம்பாக்கம் வந்து சேர்ந்தது.

நம்ம சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியிலும் இலக்கிய மேற்கோள் உண்டு, ஆனால் ஆண்டு இருக்காது. ஒரு பொருள் எப்போது வந்தது, எது முந்தியது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. பேச்சு வழக்குக்குக் கேட்கவே வேண்டாம். பக்கத்துக் கரிசல் காட்டுக்குக் கி. ராஜநாராயணன் ஒரு வட்டார வழக்குச் சொல்லகராதி போட்டுத் தந்தார், தாமிரபரணிக் கரைச் சொற்களுக்கும் இப்படி ஆண்டு போட்டு ஒருத்தர் செய்தால் நன்றாக இருக்கும்.

"ஸ்காட்லாந்துக்காரன் பேச்சு நமக்கு எதுக்குவே?" என்று பாளையங்கோட்டையில் ஒரு அண்ணாச்சி கேட்டார். அண்ணாச்சி, திராவிட மொழிகளுக்கு 1856இல் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் அயர்லாந்தில் பிறந்தாலும் வளர்ந்ததும் படித்ததும் கிளாஸ்கோவில். திருநெல்வேலிப் பக்கம் இடையன்குடிக்கு வந்து இலக்கணம் எழுதியவர் காதில் சின்ன வயதில் விழுந்த பேச்சு இதுதான் என்றேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை, டீக்கு மட்டும் காசு கொடுத்தார்.

சரி, குறையும் சொல்லணும். சுருக்கக் குறியீடுகள் ஏராளம், முதலில் அதற்கான பட்டியலைப் படித்துவிட்டு உள்ளே போங்கள். மேற்கோள்களுக்கு ஆங்கில உரை கிடையாது, ஸ்காட்ஸ் அப்படியே நிற்கும், வாய்விட்டுப் படித்தால் பாதி பிடிபடும். எழுத்துக்கூட்டலும் ஒரே மாதிரி இருக்காது, ஒரு வடிவத்தில் கிடைக்காவிட்டால் இன்னொன்றைப் போட்டுப் பாருங்கள். சின்ன போனில் நீளமான பதிவுகளை உருட்டி உருட்டிக் கை வலிக்கும், கணினி தேவலை.

ஐந்துக்கு நாலரை தரலாம். புதிதாகப் போகிறவர்கள் கிளாமரைப் பார்த்து முடித்ததும் 'கேனி' (canny) என்று போட்டுப் பாருங்கள், கெட்டிக்காரன், சிக்கனக்காரன், சூதானமானவன் என்று அது ஒரு தனிக்கதை.