கார்டு செய்யும் கிட் வாங்கப் போகிறீர்களா? முதலில் தராசில் வையுங்கள்

கையால் வாழ்த்து அட்டை, வளைகாப்புப் பத்திரிகை செய்து வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம் என்று சென்னை வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. வடபழனி பக்கம் அரை நாள் வகுப்பு, அங்கேயே 4,800 ரூபாய்க்கு ஒரு கிட். நாம் செய்து கொடுக்கும் கார்டை ஒன்று 35 ரூபாய்க்கு அவர்களே எடுத்துக்கொள்வார்களாம். நானும் அண்ணியும் ஆளுக்கு ஒரு கிட் வாங்கினோம். இதுவரை ஒரு ரூபாய்கூடத் திரும்ப வரவில்லை. கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் பெண்களைக் குறிவைத்துத்தான் இது நடக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள்.

வகுப்பைப் பற்றி எனக்குக் குறை இல்லை. சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு வேலை நன்றாகத் தெரியும். மை தீர்ந்த ரீஃபிலை ஸ்கேல் ஓரமாக அழுத்தி இழுத்து, அந்தக் கோட்டில் மடித்தால் கெட்டி அட்டை வெடிக்காது என்று அவர்தான் காட்டினார். கோளாறு எல்லாம் கிட்டில்தான்.

கிட்டில் இருந்தது ஏ4 அளவில் 20 அட்டை, சுருட்டி ஒட்டுகிற குவில்லிங் பேப்பர், பசை, கொஞ்சம் முத்து, லேஸ். அட்டை பாக்கெட்டின் மேல் ‘300 ஜிஎஸ்எம்’ என்று, அட்டை எவ்வளவு கனம் என்பதைச் சொல்லும் ஒரு ஸ்டிக்கர். தயாரித்தவர் பெயர், விலாசம், எம்ஆர்பி, மாதம், வருடம் எதுவுமே இல்லை. பாக்கெட்டில் அடைத்து விற்கிற பொருளில் இவை இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம்.

அண்ணிக்குக் கை சுத்தம். பச்சை, சிவப்புத் தாளைச் சுருட்டி வளையல் வளையலாக ஒட்டி வளைகாப்புப் பத்திரிகை செய்தார். பசை காயக் காய வளையலைச் சுற்றி அட்டை அலை அலையாக எழும்பியது. மேசையில் நிறுத்தினால் முன்பக்கம் தொய்ந்து சாய்ந்தது. மூலையில் மஞ்சள் தடவினோம். பின்பக்கம் வரை ஊறி எழுத்தைத் தொட்டுவிட்டது. மஞ்சள் தடவாமல் நம்மூரில் யார் பத்திரிகை வைப்பார்கள்?

கொண்டுபோய்க் கொடுத்தால், “அட்டை நெளிஞ்சிருக்கு மேடம், ஃபினிஷிங் பத்தாது. இன்னொரு கிட் வாங்கிப் பழகுங்க, அடுத்த தடவை கண்டிப்பா எடுத்துக்கறோம்” என்றார்கள். அன்றைக்கு அங்கே காத்திருந்த மற்ற பெண்களுக்கும் இதே பதில்தான். ஒருவர் அங்கேயே இரண்டாவது கிட்டுக்குப் பணம் அனுப்பினார். எனக்கு வயிறு எரிந்தது.

மிச்சமிருந்த அட்டையில் ஒன்றை எடுத்துக்கொண்டு பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போனேன். பேப்பருக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் சென்னையில் அதுதானே தெரு. ஒரு கடையில் பெரியவர் ஒருவர் அட்டையை வாங்கி ஓரத்தைச் சுண்டிப் பார்த்த உடனேயே, “இது 180 தாண்டாதும்மா. யாரு 300ன்னு குடுத்தா?” என்றார். தன் கடையிலிருந்த 300 அட்டையையும் என் கையில் கொடுத்தார். இரண்டையும் பிடித்துப் பார்த்ததுமே வித்தியாசம் புரிந்தது. ஆனால் தொட்டுப் பார்த்ததை வைத்து வாதாட முடியாதே. அதற்கும் அவரே வழி சொன்னார்: “எடை போடும்மா.”

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராம் கணக்கில். ஏ4 தாள் 16 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆகவே 300 ஜிஎஸ்எம் ஏ4 அட்டை ஒன்று 18.7 கிராம் இருக்க வேண்டும். 20 அட்டை என்றால் 374 கிராம். சமையலறை டிஜிட்டல் தராசே போதும். என் கிட்டில் பல அட்டைகள் செலவாகிவிட்டன. எங்கள் தெருவிலேயே இன்னொரு பெண் அதே கிட்டைப் பிரிக்காமல் வைத்திருந்தார். கவரை நீக்கி அவருடைய 20 அட்டையையும் வைத்தோம். 225 கிராம். அப்படியே 180 ஜிஎஸ்எம் கணக்கு.

கடைக்காரர் சொன்னது சரி என்று தெரிந்த அந்த நிமிடம் எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். மெல்லிய அட்டையை இவர்களே கொடுத்துவிட்டு, அது பசையில் நெளிந்ததும் கை சரியில்லை என்று பழியை அண்ணி மேல் போட்டார்கள். அவரும் அதை நம்பி, “எனக்கு இதெல்லாம் வராது போல” என்று கத்தரிக்கோலை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அவர்கள் வாழ்வது கிட் விற்கிற காசில். கார்டை எடுத்துக்கொண்டால் அவர்களுக்கு நஷ்டம்.

பில் கேட்டதற்கு, “ஜிபே பண்ணது இருக்கே, அதுதான் பில்” என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “நீங்க பிசினசுக்கு வாங்கினது, கன்ஸ்யூமர்னு கேஸ் போட முடியாது” என்றார்கள். இரண்டும் தவறு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் நேர்மையற்ற வணிக முறை. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். சுயதொழிலாகப் பிழைப்புக்கென்றே வாங்குகிறவரும் நுகர்வோர்தான் என்று அதே சட்டம் தெளிவாகச் சொல்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும்.

கார்டு செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை. எந்தக் கிட்டும் வேண்டாம். உயர் நீதிமன்றம் மெட்ரோவில் இறங்கினால் ஆண்டர்சன் தெரு நடக்கிற தூரம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பெரும்பாலும் கடை இருக்காது. 250 அல்லது 300 ஜிஎஸ்எம் அட்டை கொஞ்சம், கட்டர், ஸ்கேல், டபுள் சைடு டேப் இருந்தால் முதல் கார்டு செய்துவிடலாம். ஈரப் பசையைக் குறைத்து டேப் பயன்படுத்தினால் நெளிவதும் குறையும். மடிக்கும் முன் அட்டையை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள்; எந்த வாக்கில் இலகுவாக வளைகிறதோ அந்த வாக்கில் மடிப்பு வந்தால் சுத்தமாக இருக்கும். அண்ணி இப்போது அப்படித்தான் செய்கிறார், அட்டை நெளிவதில்லை.

ஏற்கெனவே இந்தக் கிட்டை வாங்கியவர்கள் அட்டையைச் செலவழித்துவிடாதீர்கள். 20 அட்டையையும் தராசில் வைத்து, தராசு காட்டும் எண்ணும் ஸ்டிக்கரும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். பாக்கெட் கவர், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், “நாங்களே எடுத்துக்கொள்வோம்” என்று அவர்கள் அனுப்பிய மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். 1915இல் புகார் செய்யும்போது எல்லாம் தேவைப்படும்.