என்சிஏஏ பனிச்சறுக்குச் சாதனைக் கையேடு: 1983-இல் ஒரு கோடு போட்டுவிட்டுப் படியுங்கள்

அமெரிக்கக் கல்லூரிப் பனிச்சறுக்கில் எந்தப் பல்கலைக்கழகம் பெரிய ஆள் என்று கேட்டால் டென்வர் என்றுதான் பலரும் சொல்வார்கள். 2025 வரை கணக்கு 24 பட்டம். அந்த எண் பிறக்கும் இடம், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ சங்கம் இணையத்தில் வைத்திருக்கும் சாதனைக் கையேட்டின் பனிச்சறுக்குப் பகுதி. பிடிஎஃப் கோப்புதான், காசு கிடையாது. 1954 தொடங்கி ஆண்டுவாரியாகச் சாம்பியன், இரண்டாமிடம், புள்ளிகள், நடந்த இடம், கூடவே தனிநபர் வெற்றியாளர்கள் என்று எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். மூலத்தகவல் என்ற வகையில் இதற்கு மாற்றே இல்லை. பட்டங்களை மட்டும் எண்ணிப் பார்க்கத் திறப்பவர்கள்தான் தப்பான முடிவோடு மூடுவார்கள்.

சிக்கல் இருப்பது 1983-இல். 1954 முதல் 1982 வரை நடந்தது ஆண்கள் போட்டி. பெண்களுக்கு 1970களில் ஏஐஏடபிள்யூ என்ற தனிச் சங்கம் வந்தது, தனிப் பட்டமும் வந்தது. 1983 முதல் ஆண், பெண் இருபாலர் புள்ளிகளையும் கூட்டி ஒரே கோப்பை. கொடுக்கும் சங்கம் ஒன்றுதான், ஆனால் போட்டி வேறாகிவிட்டது. ஒட்டுமொத்தப் பட்ட எண்ணிக்கை இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது.

கோடு போட்டுப் பிரித்துப் பாருங்கள். 1954 முதல் 1982 வரை டென்வர் 14, கொலராடோ 11, டார்ட்மத் 2, வயோமிங், வெர்மான்ட், யூட்டா தலா 1. 29 ஆண்டுக்கு 30 பட்டம் வருகிறதே என்று குழம்ப வேண்டாம். 1976-இல் கொலராடோவும் டார்ட்மத்தும் தலா 112 புள்ளி எடுத்துப் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டன. 1983 முதல் 2025 வரை யூட்டா 15, டென்வர் 10, கொலராடோ 9, வெர்மான்ட் 5, வயோமிங், நியூ மெக்சிகோ, டார்ட்மத் தலா 1. இப்போது பெரிய ஆள் யார்? இன்றைய வடிவப் போட்டியில் சந்தேகமில்லாமல் யூட்டா. 24 என்ற எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது கண்ணிலேயே படாது.

(டென்வர் நகரம் இருப்பது கொலராடோ மாநிலத்தில். பட்டியலில் ‘கொலராடோ’ என்று வருவது போல்டர் நகரில் உள்ள மாநிலப் பல்கலைக்கழகம். முதல் தடவை படிப்பவர்கள் இங்கே தடுக்கி விழுவது சகஜம்.)

பழைய பாதிக்கு மதிப்பில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. டென்வரின் அந்த 14-இல் 13 ஜெர்மனியில் பிறந்த வில்லி ஷாஃப்லர் என்ற ஒரே பயிற்சியாளரின் கணக்கு. 1959, 1960 இரண்டையும் பாப் பீட்டி பயிற்றுவித்த கொலராடோ தட்டிப் பறித்தது. பிறகு 1972 முதல் 1979 வரை எட்டு ஆண்டும் கொலராடோ பெயர்தான், 1976-ஐப் பங்கு போட்டதையும் சேர்த்து.

கொலராடோவின் எண்ணிக்கை இன்னொரு தகராறு. கையேட்டின்படி 2024 வரை 20. பல்கலைக்கழகம் தானே எண்ணும்போது 21. இரண்டும் சரிதான், கூடுதல் ஒன்று 1982-இல் அதன் பெண்கள் அணி வென்ற ஏஐஏடபிள்யூ பட்டம். செய்திக் கட்டுரைகளில் எண்கள் முட்டிக்கொண்டால் முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான்.

அடுத்த கண்ணி புள்ளிகள். 1954-இல் டென்வர் வென்றது 384-இல். அடுத்த ஆண்டே அதே டென்வர் 567-ஐத் தாண்டியது. 1976-இல் வெல்ல 112 போதும். 2012-இல் வெர்மான்ட் எடுத்தது 832. அணிகள் திடீரென்று வலுத்ததாலோ இளைத்ததாலோ வந்த வேறுபாடு இல்லை இது. கணக்கிடும் முறையும் போட்டிப் பிரிவுகளும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. எனவே புள்ளியை வைத்து ஓர் ஆண்டை இன்னோர் ஆண்டோடு ஒப்பிட முடியாது. அதே ஆண்டில் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையிலான இடைவெளியை மட்டும் பாருங்கள்.

தொடக்கத்தில் டவுன்ஹில் (சரிவில் முழு வேகத்தில் இறங்குவது), ஸ்லாலம் (கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்குவது), கிராஸ் கன்ட்ரி (பனியில் நெடுந்தூரம் ஓடுவது), ஸ்கீ ஜம்பிங் (சரிவிலிருந்து பாய்ந்து தாவுவது) நான்கும் இருந்தன. எல்லாவற்றிலும் இறங்கி மொத்தத்தில் முந்துபவருக்கு ‘ஸ்கீமைஸ்டர்’ பட்டம். 1970களின் நடுவில் டவுன்ஹில் போய் ஜயன்ட் ஸ்லாலம் (கம்பங்கள் இன்னும் தள்ளித் தள்ளி நிற்கும் ஸ்லாலம்) வந்தது. 1980-உடன் ஜம்பிங்கும் நின்றது. இப்போது ஸ்லாலம், ஜயன்ட் ஸ்லாலம், இரண்டு கிராஸ் கன்ட்ரி பந்தயம், ஆண் பெண் தனித்தனி, ஆக எட்டு. தனிநபர் பகுதியில் ஒரு பிரிவின் பட்டியல் பாதியில் நின்றால் கோப்பில் கோளாறு என்று நினைக்காதீர்கள். அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள்.

தனிநபர் பகுதியை அணிப் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் இந்தக் கோப்பின் உண்மையான சுவை. ஜப்பானியர் சிஹாரு இகாயா டார்ட்மத்துக்காக 1955 முதல் 1957 வரை ஆறு தனிநபர் பட்டம் வென்றார். நடுவில் 1956 ஒலிம்பிக் ஸ்லாலத்தில் வெள்ளி வேறு. ஆனால் அந்த மூன்று ஆண்டும் அணிக்கோப்பை போனது டென்வருக்கு. டார்ட்மத் முதன்முதலாக வென்றது 1958-இல், அவர் படிப்பை முடித்துப் போன பிறகு! ஒரு மேதை இருந்தால் போதாது. மலைச்சரிவில் பாய்பவரும் சமவெளியில் மூச்சு வாங்க ஓடுபவரும் ஒரே அணியில் வேண்டும்.

ஏன் இப்படி என்பதைக் கோப்பு விளக்காது, அதனால் விதியைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. இன்று ஓர் அணிக்கு அதிகபட்சம் 12 பேர்: ஆல்பைனில் (இரண்டு ஸ்லாலம் வகைகள்) ஆண் 3, பெண் 3, நார்டிக்கில் (கிராஸ் கன்ட்ரி) அதேபோல். ஒவ்வொரு பந்தயத்திலும் மூவர் இறங்குகிறார்கள், மூவரின் புள்ளியும் சேர்கிறது. கழித்துவிட நாலாவது ஆள் கிடையாது. ஸ்லாலத்தில் ஸ்கீயின் முனை கம்பத்துக்கு உள்பக்கம் மாட்டிவிட்டால் வீரர் அந்தக் கேட்டை (கம்பங்கள் குறிக்கும் வாசலை) தவறவிட்டவர் ஆகிறார்; முதல் ஓட்டத்தில் எவ்வளவு முன்னிலை இருந்தாலும் பூஜ்யம். இரண்டு ஓட்ட நேரத்தையும் கூட்டித்தான் இடம் தருகிறார்கள் என்பதால் இரண்டாவது ஓட்டத்தில் துணிந்து இறங்குவதா, பத்திரமாக முடிப்பதா என்பதே பயிற்சியாளரின் தலைவலி. கல்லூரி கிளப் அணிகளுக்கான யுஎஸ்சிஎஸ்ஏ என்ற வேறு சங்கத்தின் போட்டியில் ஐந்து பேர் இறங்கி, சிறந்த மூன்று நேரத்தைக் கூட்டுகிறார்கள். அங்கே இருவர் விழுந்தாலும் அணி எழுந்துகொள்ளும். 12 பேரையும் தகுதிபெறச் செய்ய முடியாத கல்லூரி, மலை ஏறும் முன்பே பின்தங்கிவிடுகிறது. என்சிஏஏ கல்லூரிகளைப் பிரித்து வைக்கும் டிவிஷன் பாகுபாடு இல்லாமல் எல்லாக் கல்லூரிக்கும் ஒரே போட்டி என்றாலும், 2025 வரை இத்தனை ஆண்டில் வென்றவை ஏழே பல்கலைக்கழகங்கள்.

கோப்பில் இல்லாதவை? 1954-க்கு முந்தைய எதுவும் இல்லை. டார்ட்மத்தின் குளிர்காலக் கார்னிவல் என்ற பனி விளையாட்டு விழா 1910களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆக்ஸ்ஃபர்ட்-கேம்பிரிட்ஜ் பனிச்சறுக்குப் பந்தயம் 1922-இல் சுவிட்சர்லாந்தின் வெங்கனில் நடந்தது. யுஎஸ்சிஎஸ்ஏ முடிவுகளும் பெண்களின் ஏஐஏடபிள்யூ பட்டங்களும் இதில் சேராது. இந்த ஓட்டைகளை அடைக்க செய்தியாளர்களுக்காக அணிகள் வெளியிடும் மீடியா கைடுகள் உதவும். கொலராடோ பக்கத்துச் செய்திகளுக்கு அம்மாநிலத்தின் பழைய நாளிதழ் இணையத் தொகுப்பையும், பொதுவாகப் பழைய ஸ்கீ இதழ்களுக்குக் கூகுள் புக்ஸையும் பார்க்கலாம்.

அட்டவணையை ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றுபவர்கள் மூன்று இடங்களைக் கையால் திருத்த வேண்டியிருக்கும். 1976-ஐ இரண்டு வரிசையாக்குங்கள். 1983-க்கு முன் ‘ஆண்கள்’, பின் ‘இருபாலர்’ என்று தனி நெடுவரிசை சேருங்கள். 2020-ஐக் காலியாக விடுங்கள்: மான்டானாவின் போஸ்மனில் தொடங்கிய போட்டி கொரோனாவால் பாதியில் நின்றது. அப்போது முன்னிலையில் இருந்தது யூட்டா என்பதற்காக அதை அவர்கள் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.