ஏற்காடு ஏறும் வேனுக்கு எந்த பேட்டரி: டியூபுலரா, லித்தியமா?

சேலம் அஸ்தம்பட்டியில் கிளம்பி, அடிவாரம் தாண்டி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஏற்காடு ஏரிக்கரையில் வண்டியை நிறுத்த எனக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். படுக்கை, சின்ன அடுப்படி, ஃப்ரிட்ஜ் எல்லாம் வைத்துக் கட்டிய ட்ராவலர் வேன் அது. பேட்டரியைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த ஒரு மணி நேரத்தைத்தான். மலைக்கு மேலே மூன்று நாள் தங்குகிறோம், வண்டி ஓடுவதோ அந்த ஒரு மணி நேரம். அதற்குள் எந்த பேட்டரி எவ்வளவு வாங்கிக்கொள்ளும் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். அதைப் பார்க்காமல் நான் இரண்டு வருடத்தில் ஒரு பேட்டரியைக் கொன்றேன்.

இங்கே பேசுவது இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியைப் பற்றி அல்ல. லைட், ஃபேன், ஃப்ரிட்ஜ், தண்ணீர் மோட்டார் இவற்றை ஓட்டும் இரண்டாவது பேட்டரி, அதாவது வீட்டு பேட்டரி. என் வண்டியில் ஒரு நாள் செலவு இது: ஃப்ரிட்ஜ் நின்று நின்று ஓடி 480 வாட்-அவர், ஃபேன் எட்டு மணி நேரத்துக்கு 160, லைட்டுக்கு 60, போனும் லேப்டாப்பும் 100. மொத்தம் 800 வாட்-அவர், பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் ஆம்ப்-அவரில், 12 வோல்ட் கணக்கில், சுமார் 65. சமையலுக்கு கேஸ்தான். இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருந்தால் இந்தக் கணக்கே வேறு.

முதலில் போட்டது 150 ஆம்ப்-அவர் டியூபுலர், அதாவது ஆசிட் ஊற்றிய ஈய பேட்டரி. வீட்டில் இன்வெர்ட்டருக்கு அதுதானே இருக்கிறது, ஐந்தாறு வருடம் உழைக்கிறதே என்ற நம்பிக்கை. ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. ஆக, கையில் நிற்பது 75 ஆம்ப்-அவர், ஒரு நாளைக்குச் சரியாக இருக்கிறது. எடையோ 50 கிலோவுக்கு மேல். எல்எஃப்பி என்கிற லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 100 ஆம்ப்-அவர் பேட்டரியே 80, 90 வரை தாராளமாகத் தரும். எடை பன்னிரண்டு கிலோ பக்கம். ஒரு கையில் தூக்கி சீட்டுக்கு அடியில் வைத்துவிடலாம்.

ஆனால் எடையும் கொள்ளளவும் எனக்கு இரண்டாம் பட்சம். வித்தியாசம் வெளியே தெரிவது சார்ஜ் ஏறும்போதுதான். டியூபுலர் தன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு கரண்டில் நிதானமாக ஏறுகிற ஜாதி. 150க்கு 15 ஆம்ப். மலை ஏறும் 50 நிமிடத்தில் பன்னிரண்டு ஆம்ப்-அவர் ஏறினால் பெரிது. அதிலும் ஒரு பங்கு சூடாகவும் குமிழியாகவும் போய்விடும். கடைசி 20 சதவீதம் ஏற மூன்று, நான்கு மணி நேரம் கேட்கும். வீட்டில் ராத்திரி முழுக்கக் கரண்ட் இருக்கிறது, அது பாட்டுக்கு ஏறும். வேனில் அந்த ராத்திரி கிடைக்காது. எல்எஃப்பி அப்படி இல்லை. 30 ஆம்ப் கொடுத்தால் கிட்டத்தட்ட நிறையும் வரை 30 ஆம்பையும் வாங்கிக்கொள்ளும். அதே 50 நிமிடத்தில் 25 ஆம்ப்-அவர், அதுவும் வீணாவது மிகக் குறைவு.

நிறையாமல் கிடக்கும் ஈய பேட்டரிக்கு என்ன ஆகும் என்று நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் தெரிந்தது. மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது, குழந்தைக்கு வைத்திருந்த பால் காலையில் திரிந்துபோயிருந்தது. கீழே வந்ததும் செவ்வாய்பேட்டையில் பேட்டரி வேலை பார்க்கும் தம்பியிடம் காட்டினேன். மூடியைத் திருகி, ஆசிடின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை விட்டு உறிஞ்சினார். முழுச் சார்ஜில் 1.240 காட்ட வேண்டிய மிதவை ஐந்து செல்லில் 1.180 பக்கம் நின்றது, ஆறாவதில் 1.130. பிளஸ் டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. பேட்டரியைத் தூக்கியபோது அடியில் இருந்த பிளைவுட் ஆசிட் குடித்துக் கையோடு பிய்ந்து வந்தது. வளைவுக்கு வளைவு தளும்பிய ஆசிட் அது. "பேட்டரி மேல தப்பு இல்லீங்கண்ணா. ஒரு நாளாவது அதுக்கு வயிறு நிறைய சோறு போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். அரை வயிற்றில் கிடந்த தகடுகளில் சல்பேட் இறுகிவிட்டது. இனி எவ்வளவு சார்ஜ் போட்டாலும் நிற்காது.

நடுவில் இன்னொரு வழி உண்டு: ஏஜிஎம் என்கிற சீல் செய்த ஈய பேட்டரி. ஆசிட் தளும்பாது, டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டாம், வண்டிக்குள் வாயு சேராது. டியூபுலரை விடக் கொஞ்சம் வேகமாகவும் ஏறும். ஆனால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதும், நிறையாமல் விட்டால் கெடும் என்பதும் இதற்கும் அப்படியேதான். வருடத்துக்கு நாலு முறை மட்டும் வெளியே போய், மற்ற நாளெல்லாம் வீட்டு பிளக்கில் செருகி வைக்கிறவருக்கு இது போதும். எனக்குப் போதாது.

சரி, லித்தியம் வாங்கி பழைய இடத்தில் வைத்துவிட்டால் முடிந்ததா? இங்கேதான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். டியூபுலருக்கு, இன்ஜின் ஓடும்போது கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரில் இருந்து ஒரு ரிலே (தானியங்கி ஸ்விட்ச்) வழியாக வயர் இழுத்திருந்தேன். அது போதும், ஏனென்றால் ஈய பேட்டரி தானாகவே அளவாக வாங்கும். லித்தியம் கொடுப்பதை எல்லாம் வாங்கும். ஆல்டர்னேட்டர் தன் முழுச் சக்தியையும் கக்கிச் சூடேறும். இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறும்போது காற்றோட்டமும் இருக்காது. அதற்குள் இருக்கும் டயோடு போய்விட்டால் நடு மலையில் நிற்க வேண்டியதுதான். அதனால் நடுவில் டிசி-டிசி சார்ஜர் கட்டாயம். 30 ஆம்ப் என்று அதில் குறித்துவிட்டால் அதற்கு மேல் இழுக்க விடாது. பிஎஸ்-6 என்கிற புகை விதிப்படி வந்த வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் ஏறி இறங்கும். அதைச் சரிப்படுத்தி 14.4 வோல்ட் தருவதும் இதன் வேலைதான். பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் தூரத்துக்குள், நல்ல ஃபியூஸ் ஒன்று போடுங்கள். லித்தியத்தில் ஷார்ட் ஆனால் பாயும் கரண்ட் பயங்கரமானது.

சோலார் சேலத்தில் ராஜா, ஏற்காட்டில் அப்படி இல்லை. கூரையில் 330 வாட் பேனல் இருக்கிறது. கீழே வெயிலில் நாளுக்கு ஒரு யூனிட்டைத் தாண்டுகிறது. மேலே காப்பிச் செடிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் நிறுத்தினால் நண்பகலில்கூட இரண்டு, மூன்று ஆம்ப்தான். ஒரு கிளையின் நிழல் குறுக்கே விழுந்தாலே பேனலில் மூன்றில் ஒரு பகுதி படுத்துவிடும். அப்புறம் பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர். விலை குறைவு என்று பிடபிள்யூஎம் வகையை வாங்காதீர்கள். இந்த அளவுப் பேனல் 37 வோல்ட்டில் ஒன்பது ஆம்ப் தரக்கூடியது. பிடபிள்யூஎம் அதை பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடுவதால் 330 வாட்டில் 120 கிடைத்தால் அதிகம். எம்பிபிடி வகை கன்ட்ரோலர் அந்த வோல்டேஜைக் கரண்டாக மாற்றி ஏறக்குறைய முழுவதையும் தரும்.

வெயிலைப் பொறுத்தவரை ஈயத்துக்கும் லித்தியத்துக்கும் எதிரெதிர் பழக்கம் வேண்டும். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர், அதனால் மேலே குளிர். ஈய பேட்டரியின் சார்ஜ் வோல்டேஜ் சூட்டுக்கு ஏற்ப மாற வேண்டும்: ஒரு செல்லுக்கு டிகிரிக்கு சுமார் 4 மில்லிவோல்ட். 40 டிகிரி சேலத்துப் பகலுக்கும் 15 டிகிரி மலை இரவுக்கும் நடுவே ஆறு செல்லுக்கு 0.6 வோல்ட் வருகிறது. இதைக் கவனிக்காத சார்ஜர் கீழே தண்ணீரைக் கொதிக்க வைக்கும், மேலே பட்டினி போடும். லித்தியத்துக்கு இந்தத் திருத்தமே கூடாது, சார்ஜரில் அணைத்து வையுங்கள். ஈய செல்களைச் சமப்படுத்த வோல்டேஜை ஏற்றும் ஈக்குவலைஸ் மோடும் கூடாது. அது 15 வோல்ட்டைத் தாண்டும்போது லித்தியத்துக்குள் இருக்கும் பிஎம்எஸ் என்கிற காவல் சர்க்யூட் கட் செய்துவிடும். உறைநிலைக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது என்பார்கள், ஏற்காட்டுக் குளிரில் அந்தப் பயம் வேண்டாம். நமக்குப் பயம் சித்திரை வெயிலில் மூடிக் கிடக்கும் வண்டிதான். மாதக் கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் ஈயத்தை முழுதாக நிரப்பி வைக்க வேண்டும், லித்தியத்தைப் பாதியில் விட வேண்டும். நிறைந்த நிலையில் சூட்டில் கிடந்தால் அதன் ஆயுள் குறையும்.

ஒரு விஷயத்தில் டியூபுலர் எளிது. வோல்ட் மீட்டரில் 12.7 என்றால் முழுசு, 12.2 என்றால் பாதி. லித்தியம் 13.2 பக்கமே வெகுநேரம் நிற்கும், திடீரென்று சரியும். உள்ளே போகும், வெளியே வரும் கரண்டை எண்ணிச் சொல்லும் ஷண்ட் மீட்டர் இல்லாமல் அதை நம்பி இரவைக் கழிக்க முடியாது.

நான் வாங்கியபோது லித்தியம் மட்டுமே டியூபுலரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. டிசி-டிசி சார்ஜரும் மீட்டரும் தனி. மாதம் இரண்டு முறை மலை ஏறுகிறவன் என்பதால் தயங்காமல் கொடுத்தேன். கையில் அவ்வளவு இல்லையென்றால் ஏஜிஎம் போட்டு, தங்கும் இடத்தில் ஒரு பிளக் பாயிண்ட் கேட்டு ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடுங்கள். பழைய மின்வண்டியில் கழற்றிய செல்களைக் கோத்துத் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள். குழந்தைகள் தூங்கும் கட்டிலுக்கு அடியில் வைக்கப் போகும் பொருள் அது.

மாற்றும் அன்று முதலில் சோலார் பேனலின் வயரைக் கழற்றுங்கள், அப்புறம் பேட்டரியில் மைனஸ், கடைசியாக பிளஸ். பழைய ஈய பேட்டரியைப் புதிது வாங்கும் கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. என்னுடையதைக் கொடுத்து வந்த தொகையில் ஷண்ட் மீட்டர் வாங்கினேன். போன வாரம் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியபோது அது 97 சதவீதம் காட்டியது.