முன்பே தடுப்பதா, பிறகு தண்டிப்பதா? கால்பந்து கிளப்களின் செலவுக்கு நான்கு கடிவாளங்கள்

2021-22 சீசன் முடிவில் பர்ன்லி 35 புள்ளிகளோடு இங்கிலாந்தின் முதல்நிலை லீகான பிரீமியர் லீகிலிருந்து கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. 39 புள்ளிகள் எடுத்த எவர்ட்டன் தப்பித்தது. அந்த சீசனோடு முடிந்த கணக்குக் காலத்தில் எவர்ட்டன் அனுமதிக்கப்பட்ட நஷ்டத்தை 1.95 கோடி பவுண்டு தாண்டியிருந்தது என்ற தீர்ப்பு 2023 நவம்பரில்தான் வந்தது. முதலில் 10 புள்ளிகள் பறிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் அது 6 ஆகக் குறைந்தது. அந்த ஆறையும் உரிய சீசனிலேயே கழித்திருந்தால் எவர்ட்டன் 33 புள்ளிகளில் நின்றிருக்கும், பர்ன்லி பிழைத்திருக்கும். இடையில் இருந்த 2022-23 சீசனில் எவர்ட்டன் 36 புள்ளிகளோடு கடைசி நாளில் கரையேற, 34 எடுத்த லெஸ்டர் சிட்டி இறங்கியது. எவர்ட்டன் மீது குற்றச்சாட்டு 2023 மார்ச்சிலேயே, அதாவது அந்த சீசன் நடந்துகொண்டிருந்தபோதே பதிவாகிவிட்டது என்பது இன்னும் கசப்பானது.

கிளப்களின் செலவுக் கட்டுப்பாடு பற்றிய விவாதம் பெரும்பாலும் “எவ்வளவு செலவழிக்கலாம்” என்ற எண்ணைச் சுற்றியே நடக்கிறது. எப்போது சோதிக்கிறார்கள் என்ற கேள்வியை யாரும் அதே வேகத்தோடு கேட்பதில்லை. இங்கிலாந்து, ஸ்பெயின், ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஃபா, ஜெர்மனி ஆகிய நான்கு முறைகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால், அந்தக் கேள்விக்கான பதிலில்தான் அவற்றின் தரம் தெரிகிறது என்பது என் துணிபு.

இங்கிலாந்து: நஷ்டத்துக்கு உச்சவரம்பு

பிரீமியர் லீகின் லாபம் மற்றும் நிலைத்தன்மை விதிகள், ஒரு கிளப் மூன்று ஆண்டுகளில் சேர்த்து 10.5 கோடி பவுண்டு வரை நஷ்டம் காட்டலாம் என்றன. அதிலும் 9 கோடியை உரிமையாளர் தன் மூலதனத்தால் ஈடுகட்ட வேண்டும். மைதானம், இளம் வீரர்களை வளர்க்கும் அகாடமி, மகளிர் அணி ஆகியவற்றுக்குச் செய்யும் செலவு இந்தக் கணக்கில் சேராது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் அது அகாடமியையே தின்றது.

காரணம் கணக்கு எழுதும் முறை. ஒரு வீரரை 10 கோடிக்கு வாங்கி ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டால், ஆண்டுக்கு 2 கோடி வீதம் செலவாக எழுதப்படும். இரண்டு ஆண்டுகள் கழித்து 6 கோடிக்கு விற்றால் ஏட்டில் லாபம் பூஜ்யம். சொந்த அகாடமியில் வளர்ந்த பையனுக்கு ஏட்டில் மதிப்பே கிடையாது. அவனை 3 கோடிக்கு விற்றால் 3 கோடியும் அப்படியே லாபம். ஆகவே நெருக்கடி வரும்போது முதலில் விற்கப்படுபவன் உள்ளூர்ப் பையன்தான். கணக்கு முடிக்கும் 2024 ஜூன் 30-ஆம் தேதிக் கெடு நெருங்கியபோது நியூகாசில், தன் அகாடமியில் வளர்ந்த எலியட் ஆண்டர்சனை நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு விற்றது. அவர் பிறகு இங்கிலாந்து தேசிய அணியிலும் இடம்பிடித்தார். செல்சி அதற்கு முந்தைய ஆண்டே மேசன் மவுண்டை மான்செஸ்டர் யுனைடெட்டுக்குக் கொடுத்திருந்தது. ரசிகர்களுக்கு மிக நெருக்கமான வீரர்களை விற்பதற்கே பரிசு கொடுக்கும் ஒரு விதியை நல்ல விதி என்று என்னால் சொல்ல முடியாது.

கெட்டிக்காரக் கணக்கர்கள் இருக்கும் கிளப்புக்கு வேறு வழிகளும் இருந்தன. செல்சி, மைதானத்தை ஒட்டிய இரண்டு ஹோட்டல்களைத் தன் தாய்க் குழுமத்தின் இன்னொரு நிறுவனத்துக்கே 7.65 கோடி பவுண்டுக்கு விற்றது. பிரீமியர் லீகின் விதிகளில் அதைத் தடுக்க எதுவும் இல்லை. என்ஸோ ஃபெர்னாண்டஸுக்கு எட்டரை ஆண்டு ஒப்பந்தம் போட்டு, 10 கோடியைத் தாண்டிய அவரது விலையை நீளமாகப் பரப்பியது. யூஃபா 2023-இல் அந்தப் பரப்பலை ஐந்தாண்டுகளோடு நிறுத்தியது. பிரீமியர் லீக் அதே ஆண்டு டிசம்பரில் பின்தொடர்ந்தது.

ஃபாரஸ்டின் கதை வேறு மாதிரி. மூன்றில் இரண்டு ஆண்டுகளைக் கீழ்ப் பிரிவில் கழித்ததால் அதன் வரம்பு 6.1 கோடி மட்டுமே. தன் வீரர் பிரென்னன் ஜான்சனை 2023 ஜூன் கெடுவுக்குள் அவசரமாக விற்காமல், செப்டம்பர் வரை பொறுத்து டாட்டனமிடம் நல்ல விலை வாங்கியது. கெடு தாண்டிவிட்டதால் அந்த வரவு அந்தக் கணக்கில் சேரவில்லை. 4 புள்ளிகள் போயின. வரம்பை 3.45 கோடி மீறியது உண்மைதான். ஆனால் கிளப்பின் நிதிநலனுக்காக எழுதப்பட்ட விதி, அதிக விலைக்கு விற்றதைத் தவறாக்கியது.

ஸ்பெயின்: பதிவு மேசையில் தடை

2011 ஆகஸ்டில் ஸ்பெயினில் சீசன் தொடங்கவேண்டிய வாரத்தில் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிளப்கள் அவர்களுக்குத் தரவேண்டிய சம்பளம் மலையாகக் குவிந்திருந்தது. வரிப் பாக்கி தனி. அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் ஹாவியேர் தெபாஸ் தலைமையில் ஸ்பெயினின் முதல்நிலை லீகான லா லிகா கொண்டுவந்த அணிச் செலவு வரம்பு. கிளப்பின் வரவு எவ்வளவு, அதில் மற்றச் செலவும் கடன் தவணையும் போக மிச்சம் எவ்வளவு என்று முன்கூட்டியே கணக்கிட்டு, வீரர்களுக்கு இவ்வளவுதான் என்று லீக் சொல்லிவிடும். தாண்டினால் புதிய வீரரைப் பதிவு செய்யவே முடியாது. ஆடி முடித்த பிறகு புள்ளி பறிபோகாது, பாதிக்கப்பட்ட பர்ன்லிகளும் இருக்க மாட்டார்கள்.

2021 ஆகஸ்டில் லியோனல் மெஸ்ஸி கண்ணீரோடு பார்சிலோனாவை விட்டுப் போனது இந்த விதியின் கடுமையால்தான். அவரும் கிளப்பும் ஒப்பந்தத்துக்குச் சம்மதித்திருந்தார்கள்; பதிவுக்கு இடமில்லை. கிளப்பின் கடன் 135 கோடி யூரோ என்று தலைவர் லபோர்த்தா அதே மாதம் அறிவித்தார். உலகின் தலைசிறந்த வீரருக்காகக்கூட வளையாத ஒரு விதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அன்று எனக்கு மனம் கனத்தது. விதி மீது மரியாதையும் வந்தது.

ஓட்டைகள் இதிலும் உண்டு. அடுத்த ஆண்டே பார்சிலோனா, தன் லீக் ஒளிபரப்பு வருமானத்தில் 25 சதவீதத்தை 25 ஆண்டுகளுக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்று, அந்தப் பணத்தைக் காட்டி லெவாண்டோவ்ஸ்கியையும் ரஃபீன்யாவையும் பதிவு செய்தது. நாளைய வருமானத்தை இன்றைக்கே செலவழிக்க லீக் வழிவிட்டது. 2025 ஜனவரியில் டானி ஓல்மோவின் பதிவு காலாவதியானபோது, அரசின் விளையாட்டு மன்றம் தலையிட்டு இடைக்காலமாக அவரை ஆடவிட்டது. பெரிய கிளப்புக்குக் கதவு தட்ட இடமிருக்கிறது. செவியாவுக்கு அப்படியில்லை: ஏழு முறை யூரோப்பா கோப்பையை வென்ற அந்தக் கிளப்புக்கு 2024-25 தொடக்கத்தில் கிடைத்த வரம்பு சுமார் 25 லட்சம் யூரோ. ரியல் மாட்ரிட்டுக்கு 75 கோடிக்கும் மேல்.

யூஃபா: வருமானத்தில் 70 சதவீதம்

யூஃபாவின் பழைய நிதி நியாய விதிகள் 2020-இல் மான்செஸ்டர் சிட்டி வழக்கில் பலவீனப்பட்டன. ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விதித்த இரண்டு ஆண்டுத் தடையை விளையாட்டு நடுவர் நீதிமன்றம் நீக்கியது; குற்றச்சாட்டுகளில் சில நிரூபிக்கப்படவில்லை, சில காலாவதியாகியிருந்தன. பின்னால் சோதிக்கும் முறைக்கு இந்த ஆபத்து எப்போதும் இருக்கிறது.

2022-இல் வந்த புதிய விதி எளிமையானது. வீரர்கள், பயிற்சியாளர் சம்பளம், டிரான்ஸ்ஃபர் செலவின் ஆண்டுப் பங்கு, முகவர் கட்டணம் எல்லாம் சேர்ந்து வருமானத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 90, 80 என்று படிப்படியாக இறங்கி 2025-26-இல் 70-ஐ எட்டியது. செல்சியின் ஹோட்டல் விற்பனையை யூஃபா வருமானமாக ஏற்கவில்லை. 2025 ஜூலையில் 3.1 கோடி யூரோ அபராதம் விதித்தது. செலவாளிக்கு இன்னொரு செலவைக் கூட்டுவதால் என்ன பயன் என்று கேட்கலாம். கூடவே விதித்த நிபந்தனைதான் உண்மையில் வலித்தது: டிரான்ஸ்ஃபர் கணக்கு சரியாக இல்லாவிட்டால் புதிய வீரர்களை ஐரோப்பியப் போட்டிப் பட்டியலில் சேர்க்க முடியாது. யூஃபாவும் கடைசியில் ஸ்பெயினின் வழிக்கே வந்து சேர்ந்தது.

ஜெர்மனி: உரிமையாளரைத் தடுக்கும் வழி

ஜெர்மனி செலவைவிட உரிமையைக் கட்டுப்படுத்துகிறது. 50+1 விதிப்படி வாக்குரிமையில் பெரும்பான்மை கிளப் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும். லெவர்குசன், வொல்ஃப்ஸ்பர்க் போன்ற விதிவிலக்குகள் உண்டு. அதோடு சீசனுக்கு முன்பே நிதிநிலையைக் காட்டி உரிமம் வாங்க வேண்டும். இவையும் மந்திரம் அல்ல: டார்ட்மண்ட் 2005-இல் திவாலின் விளிம்புக்குப் போய்த்தான் மீண்டது. ஆனால் 2024 பிப்ரவரியில் முதலீட்டாளரைக் கொண்டுவரும் லீகின் திட்டத்தை, மைதானத்தில் டென்னிஸ் பந்துகளை வீசியே ரசிகர்கள் கைவிட வைத்தார்கள். வேறெந்தப் பெரிய லீகிலும் ரசிகர்களுக்கு அவ்வளவு பிடி இல்லை. விலையும் உண்டு: பணக்காரக் கிளப்புக்குச் சவால்விடப் புது முதலாளி வருவது கடினம், பயர்ன் மியூனிக் 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 பட்டங்களை வென்றது.

எதைத் தேர்ந்தெடுப்பேன்

சோதிக்கும் நேரத்தைப் பொறுத்தவரை தயக்கமே இல்லை: ஸ்பெயினின் முன்தடுப்புதான். கிளப் நிர்வாகி செய்த தவறுக்கு, டிக்கெட் வாங்கி மைதானத்துக்கு வந்தவரிடம் புள்ளியைப் பறிப்பதைவிட, அந்த நிர்வாகி வாங்கிய வீரரைப் பதிவு செய்ய மறுப்பது எவ்வளவோ நேர்மையானது. தலையீட்டுக்கு இடம்தராத சுயாதீன அமைப்பின் கையில் அது இருக்க வேண்டும்.

ஆனால் வருமானத்தோடு செலவைக் கட்டும் எந்த விதியும் பணக்காரக் கிளப்பைப் பணக்காரனாகவே வைத்திருக்கும். நியூகாசில், ஆஸ்டன் வில்லா ரசிகர்களின் கோபம் இதனால்தான் எழுகிறது, அது நியாயமானது. 2025 நவம்பரில் பிரீமியர் லீக் கிளப்கள் 14-6 என்ற வாக்கில், 2026-27 முதல் வருமானத்தில் 85 சதவீதம் என்ற அணிச் செலவு விதிக்கு மாறுவதாக முடிவு செய்தன. சீசனுக்குள்ளேயே கண்காணிப்பும் நடவடிக்கையும் இருக்கும் என்பது பெரிய முன்னேற்றம். அன்றே இன்னொரு யோசனையும் வாக்கெடுப்புக்கு வந்தது: கடைசி இடத்துக் கிளப்புக்கு லீக் தரும் பங்கைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் எந்தக் கிளப்பும் அணிக்குச் செலவழிக்கக்கூடாது. ஐரோப்பாவில் போட்டியிட முடியாமல் போகும் என்று பெரிய கிளப்கள் அஞ்சின. வீரர்கள் சங்கமும் எதிர்த்தது. ஆதரவு 7, எதிர்ப்பு 12.

நான்கு முறைகளிலும் இல்லாத ஒன்று அந்த யோசனையில் இருந்தது. அடியில் இருப்பவரின் வருமானத்தை அளவுகோலாக வைத்து உச்சியில் இருப்பவரை அளந்தது அது மட்டும்தான். ஐந்து மடங்கு குறைவு என்றால் ஆறு என்று வைத்துக்கொள்ளட்டும், ஏழு என்று வைத்துக்கொள்ளட்டும். அந்த வாக்கெடுப்பை லீக் மறுபடியும் நடத்த வேண்டும்.